ஃபோர்க் பைப்பில் தங்க நிறக் கோட்டிங் போட்டால் ஆயில் சீல் ஒழுகுவது நிற்குமா?

கேள்வி கேட்டவர் தூத்துக்குடிக்காரர், வண்டி பழைய கேடிஎம் 390 டியூக். முன் ஃபோர்க்கில் ஆயில் சீல் மாற்றிய கொஞ்ச நாளிலேயே மறுபடி ஒழுகுகிறது. சின்ன மேடு பள்ளங்களில் ஃபோர்க் அமுங்காமல் கையில் வந்து அடிக்கிறது. பைப்பில் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். ஒரு கடையில், "இருக்கிற குரோம் மேலேயே தங்க நிறத்தில் டைட்டானியம் கோட்டிங் போட்டுத் தருகிறோம், வெண்ணெய் மாதிரி ஓடும், அப்புறம் சீலே போகாது" என்று சொல்லியிருக்கிறார்கள். கூட்டாளி ஒருவர், கருப்பு டிஎல்சிதான் (வைரம் போன்ற கரிமப் பூச்சு) நல்லது என்கிறாராம். இரண்டில் எதைப் போடலாம் என்று கேட்கிறார். எழுதியதைப் படித்தால் அதற்குள் மூன்று பிரச்சினைகள் கலந்து கிடக்கின்றன: துருப் புள்ளி, உராய்வு, அழகு. மூன்றுக்கும் ஒரே மருந்து என்று கடைக்காரர் சொல்வதில்தான் எனக்குச் சந்தேகம்.

நான் ஹார்ட் குரோம் முலாமும் கிரைண்டிங்கும் செய்யும் பட்டறையில் பல வருடம் இருந்துவிட்டு, பிறகு வெட்டுக் கருவிகளுக்கும் அச்சுகளுக்கும் பிவிடி கோட்டிங் (காற்றில்லாத பெட்டிக்குள் ஆவியாகப் படிய வைக்கும் மெல்லிய பூச்சு) போடும் இடத்துக்கு மாறியவன். அதிகம் பார்த்தது ஹைட்ராலிக் ராடுகள். நடுநடுவே ஃபோர்க் பைப்புகளும் வரும். உங்கள் பைப்பை நான் நேரில் பார்க்கவில்லை. புள்ளி எவ்வளவு ஆழம் என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதை நீங்களே பார்க்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

முதலில் எந்தத் தங்க நிறம் என்று பிரித்துக்கொள்வோம். யமஹா ஆர்15, எம்டி-15 மாதிரி வண்டிகளில் தங்க நிறத்தில் தெரிவது மேலே, ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபோர்க்கைக் கவ்வும் டி-பிளேட்டில் பிடித்திருக்கும் தடித்த வெளிக்குழாய். அது அலுமினியம், அனோடைஸ் செய்து (மின்சாரம் செலுத்தி மேலே ஆக்சைடு அடுக்கை வளர்த்து) சாயம் ஏற்றியது. ஆயில் சீலோ டஸ்ட் சீலோ அந்த வெளிப்பக்கத்தைத் தொடுவதே இல்லை. எனவே அந்த நிறத்துக்கும் உராய்வுக்கும் சம்பந்தமில்லை. 1976-ல் ஸ்வீடனில் தொடங்கிய ஓலின்ஸ் தன் ஃபோர்க்குகளுக்குத் தங்க நிறத்தையே அடையாளமாக்கியது. தங்க நிறம் என்றாலே ரேஸ் சாமான் என்ற எண்ணத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஓலின்ஸின் விலை உயர்ந்த ஃபோர்க்குகளில் கீழே மெலிதாகத் தெரியும் உள்குழாயும் தங்க நிறமாக இருக்கும். அது அனோடைஸ் இல்லை, எஃகு மேல் போட்ட டைட்டானியம் நைட்ரைடு. ஒரே ஃபோர்க்கில் மேலே ஒரு தங்கம், கீழே வேறொரு தங்கம். இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் நிறைய.

இப்போது உங்கள் பைப்பில் இருப்பது ஹார்ட் குரோம். சைலென்சரிலும் பழைய பம்பரிலும் பளபளக்கிற குரோம் இது இல்லை. அலங்கார குரோமில் நிக்கல்தான் கனமான அடுக்கு. மேலே குரோமியம் அரை மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாக, பெயருக்கு இருக்கும். ஹார்ட் குரோமை எஃகின் மேல் நேரடியாக, அதைப் போலப் பல மடங்கு கனமாக ஏற்றி, அப்புறம் கிரைண்டிங் செய்து அளவுக்குக் கொண்டுவந்து பாலிஷ் போடுவார்கள். கடினம் விக்கர்ஸ் அளவில் 800 முதல் 1000 வரை வரும். குரோமிக் அமிலமும் அதில் நூறில் ஒரு பங்கு கந்தக அமிலமும் சேர்ந்த தொட்டி, சுமார் 55 டிகிரி சூடு. கேட்க எளிது, சீராக ஏற்றுவது கஷ்டம். பைப்பின் நுனியில் மின்சாரம் குவிவதால் அங்கே முலாம் தடித்துவிடும், நடுவில் மெலிந்துவிடும். அதனால்தான் கிரைண்டிங் இல்லாத ஹார்ட் குரோம் வேலை பாதி வேலை.

ஹார்ட் குரோமின் உடம்பு முழுக்க கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டு. அது தயாரிப்புக் குறை இல்லை, முலாம் ஏறும்போது உள்ளே சேரும் இழுவிசையால் தானாக வருவது. அந்த விரிசல்களில் கொஞ்சம் எண்ணெய் தங்குவது நமக்கு நல்லது. ஆனால் உப்புக்காற்றும் ஈரமும் அதே வழியாகத்தான் உள்ளே இறங்கும். குரோமியம் துருப்பிடிக்காது, அதன் அடியில் இருக்கும் எஃகு துருப்பிடிக்கும். துரு ஊதிப் பெருத்து மேலே இருக்கும் குரோமைத் தள்ளும். ஒருநாள் பொட்டாகப் பெயர்ந்து வரும். நீங்கள் கண்ட பழுப்புப் புள்ளி இந்தக் கதையின் கடைசிக் கட்டம். உங்கள் வண்டியில் இருப்பது போன்ற அப்சைடு டவுன் (தடித்த வெளிக்குழாய் மேலே இருக்கும் தலைகீழ்) ஃபோர்க்கில் உள்குழாய் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் சேறும் கல்லும் முதலில் அதன் மேல்தான் விழும். கடற்கரை ஊரில் மாதக்கணக்கில் கழுவாமல் நின்ற வண்டியென்றால் கேட்கவே வேண்டாம்.

சோதிக்கும் முறை இது. பைப்பை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, டஸ்ட் சீலுக்குக் கீழே உள்ள பகுதியில் நகத்தின் நுனியை மேலிருந்து கீழாக மெதுவாக இழுங்கள். பிறகு ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துச் சுற்றிலும் தேயுங்கள். பஞ்சின் இழை எங்கே சிக்கி நிற்கிறதோ அங்கே விளிம்பு தூக்கிக்கொண்டு இருக்கிறது என்று அர்த்தம். சீலின் உதடு நகத்தை விட மென்மையானது. பஞ்சைப் பிடிக்கிற விளிம்பு, ஒவ்வொரு முறை ஃபோர்க் அமுங்கும்போதும் அந்த உதட்டைச் சீவிக்கொண்டிருக்கும். புதுச் சீல் கொஞ்ச நாளில் ஒழுகியதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஃபோர்க் அமுங்கும்போது சீல் கடந்து போகும் பகுதியில் புள்ளி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். சீல் ஒருபோதும் எட்டாத இடத்தில், ஆக்சில் பிடிக்கு மேல் ஒரு விரற்கடைக்குள் இருக்கும் புள்ளியால் இப்போதைக்குக் கெடுதல் இல்லை.

சரி, டைட்டானியம் நைட்ரைடு. காற்றில்லாத பெட்டிக்குள் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜன் வாயுவோடு சேர்த்துப் பொருளின் மேல் படிய வைப்பது. கனம் வழக்கமாக 1 முதல் 4 மைக்ரான். கடினம் விக்கர்ஸில் 2000-க்கு மேல், அதாவது ஹார்ட் குரோமைப் போல இரண்டு மடங்கு. கீறல் விழாது, பாலிஷ் சீக்கிரம் மங்காது, கல் தெறித்தால் தாங்கும் சக்தி கூடும். இவ்வளவும் உறுதியான விஷயங்கள். ஆனால் "வெண்ணெய் மாதிரி ஓடும்" என்ற இடத்தில் கடைக்காரர் வழுக்குகிறார். எண்ணெய் இல்லாமல் எஃகோடு உரசவிட்டால் டைட்டானியம் நைட்ரைடின் உராய்வுக் கெழு 0.4, 0.6 என்றுதான் வரும். அது குறைந்த உராய்வே இல்லை. வெட்டுக் கருவிகளில் அதைப் போடுவது தேய்மானத்துக்காகவும் சூட்டுக்காகவும். உலோகம் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகவும். ஃபோர்க்கில் நிலைமை வேறு. எதிரில் உரசுவது எஃகு இல்லை. சீலின் ரப்பரும், இரண்டு குழாய்களுக்கும் நடுவில் தாங்கும் வளையமான புஷ்ஷின் டெஃப்ளான் பூச்சும். நடுவில் எண்ணெய்ப் படலம் வேறு. அங்கே உராய்வைத் தீர்மானிப்பது கோட்டிங்கின் பெயரை விட அதன் கீழே இருக்கும் பாலிஷும், அந்தப் பாலிஷ் எவ்வளவு காலம் அப்படியே நிற்கிறது என்பதும்தான்.

அப்படியானால் பெரிய கம்பெனிகள் ஏன் போடுகின்றன என்று கேட்கலாம். டுகாட்டி தன் 1098 வண்டியின் 'எஸ்' வகையில் ஓலின்ஸ் ஃபோர்க்கை டைட்டானியம் நைட்ரைடு குழாயோடு கொடுத்தது. சாதாரண 1098-க்கு டைட்டானியம் ஆக்சைடு பூசிய ஷோவா ஃபோர்க். சுசுகி 2008-ல் புதுப்பித்த ஹயபுசாவில் கருப்பு டிஎல்சி பூசிய கயாபா ஃபோர்க். இவர்கள் எல்லாருக்கும் ஒரு வசதி உண்டு. பைப்பின் எஃகு, அதன் பதம், கிரைண்டிங், பாலிஷ் எல்லாவற்றையும் கோட்டிங்கை மனதில் வைத்து ஆரம்பத்திலிருந்தே அமைக்கிறார்கள். புதுப் பைப்பில் தொழிற்சாலையில் போடுவதும், பல வருடம் ஓடிய பைப்பை எடுத்துப் பக்கத்துக் கோட்டிங் சென்டரில் கொடுப்பதும் ஒரே வேலை இல்லை.

எங்கே மாட்டும் என்று சொல்கிறேன். வெட்டுக் கருவிக்கான வழக்கமான டைட்டானியம் நைட்ரைடு 400 டிகிரிக்கு மேல் போடப்படுவது. டிரில் பிட்டின் ஹைஸ்பீடு எஃகு அந்தச் சூட்டுக்கு அசையாது. ஃபோர்க் பைப்போ மெல்லிய சுவர் கொண்ட நீளக் குழாய். அந்தச் சூட்டில் கொஞ்சம் வளையலாம், பதம் இறங்கலாம். அடியிலிருக்கும் ஹார்ட் குரோமும் அந்தச் சூட்டில் இளகி, கடினம் குறையத் தொடங்கும்; நுண்விரிசல்கள் அகலும். குறைந்த சூட்டில் போடும் முறைகள் இருக்கின்றன. அந்த வசதி உள்ள இடமா என்று கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். அப்புறம் எண்ணெய். மரையிலோ அடிப்பகுதியின் இடுக்கிலோ ஒரு துளி ஃபோர்க் ஆயில் மிச்சம் இருந்தாலும், பெட்டிக்குள் காற்றை உறிஞ்ச ஆரம்பித்ததும் அது ஆவியாகக் கசிந்துகொண்டே இருக்கும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், அழுத்தம் இறங்காது. பிடிவாதமாக ஓட்டினால் வெளியே வரும் பைப்பில் மரைக்குப் பக்கத்தில் மட்டும் தங்க நிறம் மாறி, பழுப்பும் ஊதாவுமாக வளையம் வளையமாகத் தெரியும். பார்க்க மயில்தோகை போல அழகாகவே இருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் உரிந்து வரும். தெரிந்த ஆபரேட்டர்கள் வண்டிச் சாமான் என்றாலே முகம் சுளிப்பது இதனால்தான். அதே பெட்டியில் அடுத்து ஏற வேண்டிய அச்சும் கெட்டுப்போகும்.

நிறத்தைப் பார்த்துத் தரத்தை எடை போட வேண்டாம். அரை மைக்ரான் கூட இல்லாத படலமே முழுத் தங்க நிறத்தைக் கொடுத்துவிடும். கைக்கடிகாரத்துக்கும் கதவுக் கைப்பிடிக்கும் இப்படித்தான் போடுகிறார்கள். அதற்கு அது போதும். சிர்கோனியம் நைட்ரைடு கொஞ்சம் வெளிறிய பித்தளை நிறம் தரும், குரோமியம் நைட்ரைடு வெள்ளி கலந்த சாம்பல். பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும் அந்தச் சாம்பல் நிறத்தைத்தான் தேய்மானத்துக்காகப் பல இடங்களில் நான் சிபாரிசு செய்வேன். கேட்டவர்களில் பாதிப் பேர் தங்க நிறம்தான் வேண்டும் என்பார்கள்.

உங்கள் விஷயத்தில் இதை விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. 3 மைக்ரான் படலம் எந்தக் குழியையும் மூடாது. பஞ்சு சிக்குகிற குழி பத்து, இருபது மைக்ரான் ஆழம் இருக்கும். கோட்டிங் அந்தக் குழியின் வடிவத்திலேயே உள்ளே படியும். விளிம்பு இன்னும் கடினமாகிவிடுவதால் சீலை முன்பை விட நன்றாக அறுக்கும். அடியில் துரு தொடர்ந்து ஊதினால் கோட்டிங் குரோமோடு சேர்ந்தே பெயரும். கடினமான மெல்லிய படலத்துக்கு அடியில் உறுதியான தளம் வேண்டும். மெத்தை மேல் அப்பளத்தை வைத்து விரலால் அழுத்தினால் அப்பளத்துக்கு என்ன ஆகுமோ, பெயர ஆரம்பித்த குரோம் மேல் போட்ட டைட்டானியம் நைட்ரைடுக்கும் அதுதான் ஆகும்.

டிஎல்சி பற்றி உங்கள் கூட்டாளி சொன்னது ஒருபக்கம் உண்மை. வைரம் போன்ற பிணைப்பும் கிராஃபைட் போன்ற பிணைப்பும் கலந்த கரிமப் படலம் அது. எண்ணெய் இல்லாமலேயே உராய்வுக் கெழு 0.1 அருகில் வருகிறது. ஹைட்ரஜன் கலந்த வகைகளை 200 டிகிரி சுற்றிலேயே போட முடியும் என்பதால் பைப் வளையும் பயமும் குறைவு. உராய்வு மட்டுமே கணக்கு என்றால் தங்கத்தை விடக் கருப்புதான் என் தேர்வு. ஆனால் டிஎல்சி என்பது ஒரே பொருள் இல்லை. கடினம் விக்கர்ஸில் 1000 சொச்சத்திலிருந்து 3000-ஐத் தாண்டியும் போகும். அடியில் பிடிப்புக்காகக் குரோமியம் போன்ற இடை அடுக்கு சரியாக விழவில்லை என்றால் செதில் செதிலாக உதிரும். உதிர்ந்த செதில் சீலுக்குள் மாட்டிக்கொண்டால் அப்புறம் அதுவே எமரித்தாள். குழியை மூடாத குறை இதற்கும் அப்படியே உண்டு.

இன்னொரு பெயரும் அடிபடும், காஷிமா கோட். ஜப்பானில் மியாகி நிறுவனத்தின் முறை; அனோடைஸ் செய்த அலுமினியத்தின் நுண்துளைகளுக்குள் மாலிப்டினம் டைசல்ஃபைடை இறக்குவது. மலைச்சைக்கிள் ஃபோர்க்குகளில் தேன் நிறத்தில் பார்த்திருப்பீர்கள். அலுமினியத்துக்கு மட்டுமே ஆகும். உங்கள் எஃகுப் பைப்புக்கு "காஷிமா போட்டுத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

கையில் அடிக்கிறது என்றீர்களே, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நின்ற நிலையிலிருந்து ஃபோர்க் நகர ஆரம்பிக்கத் தேவையான விசை அதிகமாக இருந்தால் சின்ன மேடுகளை அது விழுங்காது. அந்த ஆரம்பப் பிடிப்பில் பைப்பின் மேற்பரப்பு ஒரு பங்குதான். சீல் உதட்டின் இறுக்கம், டஸ்ட் சீலில் சேர்ந்த மண், தேய்ந்த புஷ், கெட்டுப்போன எண்ணெய், லேசான வளைவு எல்லாம் சேர்ந்துதான் அந்த விசை வருகிறது. நான் பார்த்த வரையில், "பைப் ஓடவில்லை, கோட்டிங் போட வேண்டும்" என்று வந்தவற்றில் கணிசமானவை வளைந்த பைப்புகள். வி வடிவத் தாங்கியில் (வி-பிளாக்) வைத்து, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் கொண்டு உருட்டிப் பார்த்தால் முள் சொல்லிவிடும். ஜப்பானிய வண்டிகளின் சர்வீஸ் மேனுவல்களில் பரவலாகக் காணும் எல்லை 0.2 மில்லிமீட்டர், உங்கள் வண்டிக்கு அதன் மேனுவல் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ட் எடுக்கும் கடைகளில் நிமிர்த்தித் தருவார்கள். மெல்லிய வளைவுக்கு அது சரி. ஆனால் நிமிர்த்தும்போது குரோம் முடிக்கோடு போல வெடிக்கலாம். மடிப்பு விழுந்த பைப்பை நிமிர்த்தி ஓட்டாதீர்கள்.

ரொம்ப மினுக்குவதும் ஆகாது. சீலின் உதடு எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் ஓடுகிறது. ஹைட்ராலிக் ராடுகளுக்கு மேற்பரப்பின் சொரசொரப்பு ஆர்ஏ அளவில் 0.1 முதல் 0.4 மைக்ரான் வரை என்பது எங்கள் வழக்கம். ஃபோர்க் பைப்புக்கு அதில் கீழ்ப்பக்கத்தை ஒட்டிப் போகலாம். அதற்கும் கீழே கண்ணாடி மாதிரி பஃபிங் போட்டால் எண்ணெய் நிற்க இடமில்லாமல் சீல் காய்ந்து பிடிக்கும், கீச்சிடும். நீளவாக்கில் எமரி தேய்ப்பது அதை விட மோசம். ஒவ்வொரு கோடும் எண்ணெய் வெளியே வர ஒரு வாய்க்கால். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் பைப்பைச் சுற்றி, குறுக்குவாட்டில் தேயுங்கள்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். சாலையில் ஓட்டுகிறவர் டிஎல்சி பைப்புக்கும் நல்ல ஹார்ட் குரோம் பைப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் உணர்வாரா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கோட்டிங்குக்குக் கொடுக்கும்போது கூடவே புதுச் சீல், புதுப் புஷ், புது ஆயில் எல்லாம் மாறிவிடுகின்றன. அப்புறம் "கோட்டிங் போட்டதும் வண்டி பறக்கிறது" என்று சொன்னால் எதனால் பறக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சீல் ஆயுசு இத்தனை மடங்கு கூடும் என்று விற்கிறவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ரேஸ் டிராக்கில், ஒரு மடக்கில் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே சக்கரம் தரையைப் பின்தொடர வேண்டிய இடத்தில், உராய்வில் சிறு குறைப்பும் பிரயோஜனம்தான். பிரேக் பிடிக்கும்போது பைப் லேசாக வளைந்து புஷ்ஷை அழுத்துகிற நேரம் அது.

இனி என்ன செய்யலாம். புள்ளி சீல் ஓடும் பாதையில் இருந்தால் வழி இரண்டுதான்: புதுப் பைப், அல்லது பழைய குரோமைக் கழற்றி, கிரைண்டிங் செய்து, மறுபடி ஹார்ட் குரோம் ஏற்றி, மறுபடி அளவுக்கு கிரைண்டிங். உங்கள் ஊர்ப் பக்கம் சைலென்சருக்கும் ஹேண்டில்பாருக்கும் முலாம் போடும் கடையில் இதைக் கொடுக்காதீர்கள். ஹைட்ராலிக் சிலிண்டர் ராடு வேலை செய்கிற இடத்தைத் தேடுங்கள். கேட்க வேண்டியவை: முலாமுக்குப் பின் சென்டர்லெஸ் கிரைண்டிங் (பைப்பை நுனியில் பிடிக்காமல் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உருட்டித் தேய்ப்பது) உண்டா, முடித்த விட்டத்தை மைக்ரோமீட்டரில் மூன்று நான்கு இடத்தில் அளந்து எழுதித் தருவீர்களா, முலாம் முடிந்த கையோடு சுமார் 190 டிகிரியில் சில மணி நேரம் அடுப்பில் வைப்பீர்களா. கடைசிக் கேள்வி முக்கியம். முலாம் போடும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் இறங்கும். உறுதியான எஃகு என்றால் சூடாக்கி அதை வெளியேற்றாவிட்டால் பிற்பாடு நொறுங்கும் தன்மை வரலாம். முன் சக்கரத்தைத் தாங்கும் பைப்பில் அந்த விளையாட்டு வேண்டாம். கேள்வியைப் புரிந்துகொள்ளாமல் முழிக்கிற இடத்தில் கொடுக்காதீர்கள்.

இந்தத் தொட்டிகளில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரைக் கெடுத்த அதே சங்கதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் குரோமியம் ட்ரையாக்சைடைப் பயன்படுத்த முடியாது. விமானச் சக்கரத் தண்டுகளில் ஹார்ட் குரோமுக்குப் பதிலாக டங்ஸ்டன் கார்பைடு தெளிக்கும் முறை வந்துவிட்டது. வீட்டு வாசலில் வாளி வைத்து முலாம் போடுகிறவரிடம் போகாமல், கழிவுநீர் சுத்திகரிப்பு உள்ள இடத்துக்குப் போகச் சொல்வது இதற்காகவும்தான்.

மறுகுரோம் செலவு புதுப் பைப் விலையில் பாதியைத் தாண்டினால் நான் புதுசே வாங்குவேன். தங்க நிறம் ஆசையாக இருந்தால் அந்தப் புதுப் பைப்பில், ஒரு சொட்டு எண்ணெய் படுவதற்கு முன்பே, குறைந்த சூட்டு முறையில் போட்டுக்கொள்ளுங்கள். 3 மைக்ரான் என்றால் விட்டம் 6 மைக்ரான் கூடும், புஷ் இடைவெளிக்கு அது பொருட்டில்லை. அழகுக்காகத்தான் போடுகிறேன் என்று தெரிந்தே போடுவதில் தப்பில்லை.

பைப்பை மாட்டும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள். ஆக்சிலை இறுக்கிய கையோடு, ஆக்சில் பிடியின் பக்க போல்ட்டை இறுக்குவதற்கு முன், வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலைந்து தடவை நன்றாக அமுக்குங்கள். இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக வந்து உட்காரும். அதற்குப் பிறகு பக்க போல்ட்டை மேனுவலில் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்குங்கள். கையில் அடிப்பது இதிலேயே குறைந்துவிட்ட வண்டிகள் உண்டு. சிலிகான் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், துணியில் தொட்டு பைப்பில் மட்டும் துடையுங்கள். பக்கத்திலேயே பிரேக் டிஸ்க் இருக்கிறது.